மீன் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் மீன் தொட்டி வைப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். அதில் மூன்று யோசனைகள் இருந்தன. தொட்டிக்குச் சுத்தமான கேன் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீரை முழுதாக மாற்றி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் கழுவ வேண்டும். மீன் சோர்ந்தால் உடனே நீல மருந்து விட வேண்டும். இந்த மூன்றையும் ஒருவர் தவறாமல் கடைப்பிடித்தால், புதுத் தொட்டியில் விட்ட மீன் ஒரு மாதம் தாங்குவதே பெரிய காரியம். வண்ணமீன் வளர்ப்பிலும் விற்பனையிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மறுப்பு இது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் அளவுகளை வெட்டிவிட்டால் கடிதத்தால் பயன் இருக்காது என்பதால் முடிந்தவரை முழுதாக வெளியிட வேண்டுகிறோம்.

சென்னையில் தொட்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் கொளத்தூருக்குத்தான் வருகிறார்கள். இரண்டடித் தொட்டி, ஒரு மூட்டை கலர் கல், மோட்டார், லைட், பிளாஸ்டிக் செடி, கூடவே பாலிதீன் பையில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் என எல்லாம் ஒரே ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடும். சாயங்காலத்துக்குள் மீன் நீந்தும், பிள்ளைகள் கைதட்டும். மூன்று நாள் எந்தக் குறையும் இல்லை. நாலைந்து நாளில் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கும். அடுத்த வாரம் ஒரு மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அதன் பிறகு நாளுக்கொன்றாகச் செத்து மிதக்கும். சிலர் கடைக்காரரைத் திட்டுவார்கள். இன்னும் பலர், வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அப்படித் தேற்றிக்கொள்வதால்தான் ஏன் செத்தது என்று யாரும் கேட்பதே இல்லை. அந்தக் கண்டத்துக்கு அமோனியா என்று பெயர்.

மீனுக்கு நாம் போடும் தீனியில் உள்ள புரதம் உடம்பில் செரித்து, மிச்சம் அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே அமோனியாதான். 35 சதவீதப் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் போட்டால் சுமார் 30 மி.கி. அமோனியா வரும் என்பது மீன் பண்ணைகளில் போடும் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக, உள்ளே நிற்பது 45 லிட்டர் தண்ணீர். ஒரு கிராம் தீனியிலேயே லிட்டருக்கு 0.7 மி.கி. அமோனியா ஏறிவிடுகிறது. பிள்ளைகள் கையில் டப்பாவைக் கொடுத்தால் ஒரு கிராமோடு நிற்காது.

பழகிய தொட்டியில் இதை விழுங்கப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டால் உடனடி ஆபத்து இல்லை, வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியேற்றிவிடலாம். ஆனால் நைட்ரைட் அப்படிப்பட்டதல்ல. அது மீனின் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். செவுள் சிவப்பு மாறிப் பழுப்பேறும், ஏர் பம்ப் முழுவேகத்தில் ஓடினாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பான்ஜ், கல், கண்ணாடிச் சுவர் என்று எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். மற்ற பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் இடத்தில் இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள் வேண்டும். ஒன்றுமே இல்லாத புதுத் தொட்டியில் இரண்டு கூட்டமும் போதிய அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28, 30 டிகிரியில் இருப்பதால் சிலநேரம் ஒரு வாரம் முன்பே முடியலாம். முதல் இரண்டு வாரத்தில் அமோனியா உச்சம், மூன்றாம் நான்காம் வாரத்தில் நைட்ரைட் உச்சம். அமோனியாவுக்குத் தப்பிய மீனை நைட்ரைட் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

இப்போது கேன் தண்ணீருக்கு வருவோம். நாம் குடிக்கும் கேன் தண்ணீரும், வீட்டு ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரும் உப்பு நீக்கியவை. நமக்கு ருசி, மீன் தொட்டிக்குத் தொல்லை. காரணம், பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையில், அதாவது அமிலத்தை ஈடுகட்டும் கரைந்த உப்பில், சுமார் 7 மி.கி.யைத் தின்றுவிடுகிறது. கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் காரத்தன்மை லிட்டருக்கு இருநூறு, முந்நூறு மில்லிகிராம் இருப்பது சாதாரணம், அதனால் குறை தெரியாது. கேன் தண்ணீரில் அது பத்து இருபது இருந்தாலே அதிகம். சில நாளில் அது தீர்ந்து, தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். (7 என்றால் நடுநிலை, இறங்க இறங்க அமிலம்) 6.5, 6 என்று இறங்கும். அந்த அளவில் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேர்ந்துகொண்டே போகும்.

விந்தை என்னவென்றால், அந்த நிலையிலும் மீன் சாகாமல் இருக்கும். தண்ணீரில் உள்ள அமோனியா முழுதும் விஷமல்ல. பி.எச். 7-இல், 28 டிகிரி சூட்டில், அதில் சுமார் 0.7 சதவீதம்தான் செவுளைச் சுடும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஆறரை சதவீதம், 8.5 ஆனால் 18 சதவீதம். லிட்டருக்கு 0.05 மி.கி. விஷ அமோனியாவே மீனை வாட்டப் போதும். கேன் தண்ணீர்த் தொட்டியில் மொத்த அமோனியா 4 மி.கி. சேர்ந்திருந்தாலும், பி.எச். 6.5 என்பதால் விஷ வடிவம் 0.01 கூட இல்லை. மீன் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் கேன் தீர்ந்துபோய், பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து போர் தண்ணீர் விடுவார்கள். அமோனியா பாதியாகி 2 மி.கி. ஆகிறது, சரி. ஆனால் பி.எச். 7.8-க்கு எகிறிவிடுகிறது. விஷ வடிவம் 0.08-ஐத் தாண்டி, பத்து மடங்கு ஆகிறது. பொழுது விடிவதற்குள் தொட்டி காலி. ‘போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு கட்டி, அடுத்த தொட்டிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றுவார்கள். எங்களிடம் வரும் புகார்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

ஆகவே வீட்டில் அன்றாடம் என்ன தண்ணீர் தாராளமாகக் கிடைக்குமோ, அதையே ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரில் வாழும் மீனைத் தேர்ந்தெடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடின நீர் மிகவும் பிடிக்கும். டெட்ரா, டிஸ்கஸ் வகைகளுக்கு மென்னீர் வேண்டும். அவை முதல் தொட்டிக்கு வேண்டாம். போர் தண்ணீரைப் பிடித்தவுடன் ஊற்றக் கூடாது. நிலத்தடியிலிருந்து வருவதால் அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆக்சிஜன் குறைவு. வாளியில் பிடித்து ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு நாள் வைத்தால், கரைந்த வாயு வெளியேறி, பி.எச். தன் இயல்பான இடத்துக்கு வந்துவிடும். இரும்பு இருந்தால் அடியில் செந்நிறமாகப் படியும், மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வேறு வழியில்லை, ஆர்.ஓ. தண்ணீர்தான் என்றால், ஒரு கைப்பிடி கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் போட்டு வையுங்கள். அமிலம் ஏற ஏற அது மெல்லக் கரைந்து ஈடுகட்டும்.

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். மீனின் செவுளையும் சுடும், ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் திறந்த வாளியில் காற்றோடு வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட், கடை வழக்கில் ‘ஹைப்போ’. 10 கிராம் படிகத்தை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மி.லி., 10 லிட்டர் தண்ணீரில் உள்ள சாதாரண அளவுக் குளோரினை நீக்கிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சம்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் இந்தக் கணக்கு போதாது. ஊராட்சிகளில் குடிநீரைச் சோதிக்கும் குளோரோஸ்கோப் போன்ற சிறு சோதனைப் பெட்டியில் பார்த்து, மஞ்சள் நிறம் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

தொட்டியை வைக்கும் இடம், அடியில் தெர்மோகோல், 24 மணி நேரக் கசிவுச் சோதனை எல்லாம் கடைக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். கல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாயம் பூசிய கல்லைத் தவிர்த்து, ஆற்றுக் கூழாங்கல் வாங்குங்கள். இரண்டு மூன்று கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும்.

இனி மீன் இல்லாத அந்த ஒரு மாதம். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, பாக்டீரியாவுக்கு நாம் அமோனியாவைக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் வளராது. ‘ஒரு வாரம் மோட்டார் ஓட விட்டுத்தானே மீன் விட்டேன்’ என்பவர்கள் தோற்பது இங்கேதான். லேப் கெமிக்கல் விற்கும் கடையில் அமோனியம் குளோரைடு 100 கிராம் வாங்குங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூச எடுக்கும் நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனால் அதில் வேறு உப்பு கலந்திருக்கக்கூடும். 3 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால், அதில் 10 மி.லி. நம் இரண்டடித் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மி.கி. அமோனியா தரும். அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம். 5 மி.கி.யைத் தாண்டினால் இரண்டாம் கூட்டப் பாக்டீரியா திணறும். கெமிக்கல் வேண்டாம் என்பவர்கள் உரித்த இறால் ஒன்றை வலைப்பையில் கட்டிப் போடலாம். வேலை நடக்கும், வீட்டில் வரும் வாடைக்கு நாங்கள் பொறுப்பல்ல.

அமோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் கட்டாயம் வேண்டும். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இறால் பண்ணைக்குச் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். சோதனைக் குழாயில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, சொல்லியிருக்கும் எண்ணிக்கைக்குச் சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். பரவலாக விற்கும் அமோனியா கிட்டில் மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற அமோனியா அதிகம். டியூப் லைட்டின் கீழே வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும் ஒன்றாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கொருமுறை பார்த்து, அமோனியா இறங்கியதும் மறுபடி 10 மி.லி. விடுங்கள். காலையில் 10 மி.லி. விட்டு, மறுநாள் காலை அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழி என்று காட்டினால் தொட்டி தயார். அன்று பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை வெளியேற்றிவிட்டு மீன் வாங்கப் போங்கள். போவது தள்ளிப்போனால் அமோனியா விடுவதை நிறுத்த வேண்டாம். பட்டினி கிடந்தால் வளர்த்த கூட்டம் குறைந்துவிடும்.

பாக்டீரியா என்று பாட்டிலில் விற்பதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நமக்கு வேண்டிய பாக்டீரியா விதைபோல் உறங்கிக் கிடக்கும் வகை அல்ல. வெயில் அடிக்கும் கடைத் தட்டில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் அது உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. அப்படி உறங்கிக் கிடக்கும் பேசில்லஸ் வகை கழிவைச் சிதைக்குமே தவிர, அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலையைச் செய்யாது. குளிரில் வைத்து விற்கும் நல்ல தயாரிப்பாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிட் வாங்கும் காசை மட்டும் அதற்குச் செலவழித்துவிடாதீர்கள்.

தண்ணீர் பால்போல் மங்குவது முதல் வாரத்தில் சகஜம். வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியாதான் அது. தானாகத் தெளியும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்துபோய், எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவுகிறார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து ‘சர்வீஸ்’ செய்யும் பையன்களும் இதையே செய்கிறார்கள். மீனை வாளிக்கு மாற்றி, கல்லைக் குழாயடியில் அலசி, ஸ்பான்ஜை சோப்புப் போட்டுப் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பிக் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். கண்ணாடி பளபளக்கும். பாக்டீரியா முழுதும் சாக்கடையில். மறுபடி முதல் நாள் கணக்கு, இந்த முறை மீனை உள்ளே வைத்துக்கொண்டு. சரியான முறை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரைச் சைஃபன் குழாயால் எடுப்பது. குழாயின் அகன்ற வாயைக் கல்லுக்குள் செருகினால் அழுக்கு மட்டும் மேலே வரும், கல் கீழே விழுந்துவிடும். அப்படி வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். பழுப்பு நிறம் போக வேண்டும் என்று பிழிய வேண்டாம். இதை மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

ஃபில்டரில் முதல் தொட்டிக்கு ஸ்பான்ஜ் ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் மிஞ்ச எதுவும் இல்லை. விலை குறைவு, பழுது குறைவு. 3 முதல் 5 வாட் மின்சாரம் என்பதால் இன்வெர்ட்டரில் போடலாம், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் யு.எஸ்.பி. ஏர் பம்ப்பைப் பவர் பேங்கில் ஓட்டலாம். கோடையில் தண்ணீர் 30 டிகிரி ஆனால், லிட்டருக்கு ஏழரை மி.கி. ஆக்சிஜன்தான் கரையும். அந்த நேரத்தில் மின்சாரம் நான்கைந்து மணி நேரம் போனால் மீனும் தவிக்கும், ஸ்பான்ஜில் உள்ள பாக்டீரியாவும் தவிக்கும். மூடிய பெட்டி வடிவ ஃபில்டர் வைத்திருப்பவர்கள், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அதைத் திறந்து தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்ட வேண்டும். உள்ளே கெட்ட நாற்றம் அடிக்கும் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் போனால் ஆபத்து. ஏர் பம்ப்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்ப்பையும் கெடுக்கும், தரையையும் நனைக்கும்.

எத்தனை மீன்? இரண்டடித் தொட்டியில் முதலில் ஜீப்ரா மீன் ஆறு. வலுவான மீன், கங்கை சமவெளிப் பக்கத்துச் சொந்த மீன், நம் சூட்டைத் தாங்கும். இரண்டு வாரம் டெஸ்ட் கிட் சுழியே காட்டினால் ஆண் கப்பி நான்கைந்து. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கோல்டு ஃபிஷ் வேண்டவே வேண்டாம். நிறைய தின்னும், நிறைய கழிக்கும், ஒன்றுக்கே இதைவிடப் பெரிய தொட்டி வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் விற்பதை நாங்கள் வெட்கத்தோடுதான் பார்க்கிறோம். ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் ஏர் பம்ப் இல்லாமல் பிழைக்கும், உண்மைதான். ஆனால் அதன் செவுளையும் அமோனியா சுடும், கிண்ணத் தண்ணீர் அதற்கும் நரகம்தான். ‘டேங்க் கிளீனர்’ என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வளரும். கழிவைத் தின்று தீர்க்காது, தானே கழிவைக் கூட்டும். வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழகத்து நீர்நிலைகளில் வலையைக் கிழித்து, நாட்டு மீனுக்கு இடம் இல்லாமல் செய்வது இப்படி விடப்பட்ட மீன்களின் வாரிசுகள்தான். வேண்டாத மீனைக் கடையில் திரும்பக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன.

வாங்கிய பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். உள்ளூரிலேயே வாங்கி ஒரு மணி நேரத்தில் வந்த மீன் என்றால், தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துப் பழக்கலாம். வெளியூரிலிருந்து பார்சலில் பல மணி நேரம் வந்த மீனுக்கு அது கூடாது. பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால் பி.எச். இறங்கியிருக்கும், சேர்ந்த அமோனியா அதனால் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, மேலே சொன்ன அதே கணக்கு வேலை செய்யத் தொடங்கும். சூடு சமமானதும் திறந்து, வலையால் மீனை மட்டும் எடுத்து உடனே தொட்டிக்குள் விட வேண்டும். எந்தப் பைத் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது.

இதற்குள் மீனோடு தொட்டியை வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், மீன் சாகாது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். தினமும் சோதித்து, அமோனியா 0.5 மி.கி.யைத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அன்றே மாற்றுங்கள், முன்பு ஊற்றிய அதே வகைத் தண்ணீரால். நைட்ரைட் தெரியத் தொடங்கியதும் கல் உப்பு 10 கிராம் கரைத்து விடுங்கள், இரண்டடித் தொட்டிக்கு அது போதும். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். வேகமாக வளரும் ஹைட்ரில்லா போன்ற உயிர்ச்செடி ஒரு கட்டு போட்டாலும், மணி பிளான்ட்டின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டாலும் அமோனியாவில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்ளும்.

நீல மருந்து, அதாவது மெத்திலீன் நீலம், மோசமான மருந்தல்ல. ஆனால் தொட்டிக்குள் விட்டால் பாக்டீரியாவையும் பதம் பார்க்கும். புதுத் தொட்டியில் மேலே வந்து மூச்சு வாங்கும் மீனுக்கு நோய் இருப்பதை விட அமோனியா இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முதலில் சோதனை, பிறகு மருந்து. மருந்து தேவை என்றால் தனி டப்பில் மீனை மாற்றிக் கொடுங்கள். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டும் பழக்கம் இதைவிடக் கேடு. உப்புக்கல் ஒட்டினாற்போல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வரும் நோய் பாக்டீரியாவால் வருவதே அல்ல. அது ஒட்டுண்ணி, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மழைக்காலத்திலும், இரவு ஏ.சி. ஓடும் அறையிலும் தண்ணீரின் சூடு ஏறி இறங்குவதால் அந்த நோய் அதிகம் வருகிறது. 50 வாட் ஹீட்டர் போட்டுச் சூட்டை 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் என்று கல் உப்பை மூன்று தவணையாக ஒன்றரை நாளில் சேர்த்து, காற்றைக் கூட்டி, இரண்டு வாரம் விடாமல் வைத்திருங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும். மீன் மேல் தெரியும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பு ஒன்றும் செய்யாது, அது உதிர்ந்து பெருகி நீந்தி வரும் சில மணி நேரத்தில்தான் பிடிக்க முடியும். கோரிடோராஸ், லோச் வகைகள் இந்த உப்பைத் தாங்காது, அவற்றுக்குப் பாதி அளவோடு நிறுத்துங்கள்.

எங்கள் சக கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு மாதம் காத்திருங்கள் என்று சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் இருபது ஸ்பான்ஜ் ஃபில்டரைப் போட்டு, ஒரு பெரிய ஏர் பம்ப்பில் ஓட்டுங்கள். பழகிய பின் நாளுக்கு ஒன்றேகால் கிராம் அமோனியம் குளோரைடு, காரத்தன்மை குறையாமல் இருக்க 4 கிராம் சமையல் சோடா, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம். மீனே இல்லாத டிரம் என்பதால் நோயும் ஒட்டாது. விற்பனைத் தொட்டிகளிலிருந்து ஸ்பான்ஜ் எடுத்துக் கொடுத்தால் வெள்ளைப் புள்ளியும் கூடவே போகும். ஒவ்வொரு புதுத் தொட்டியோடும் இப்படிப் பழகிய ஸ்பான்ஜ் ஒன்றை விலை வைத்தே விற்கலாம். ஆறு ஜீப்ரா மீனின் கழிவை முதல் நாளிலிருந்தே அது தாங்கும். எடுத்த இடத்துக்குப் புது ஸ்பான்ஜ் போட்டுவிட்டால், டிரம்மில் மற்றவை ஓடிக்கொண்டிருப்பதால் அதுவும் சில வாரத்தில் தயாராகிவிடும்.

கொடுக்கும்போது ஸ்பான்ஜைப் பிழியாதீர்கள். மீன் பையிலேயே மூன்றில் ஒரு பங்கு டிரம் தண்ணீர், மீதி காற்று என்று கட்டிக் கொடுங்கள். வாங்குபவர் அதை வெயில்படும் வண்டிக் கூடையில் வைக்காமல், ஓரிரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுபோய், குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மாட்டி, உடனே ஏர் பம்ப்பைப் போட வேண்டும். மறுநாள் முன்பு சொன்ன அமோனியம் குளோரைடு கரைசலில் 2 மி.லி. மட்டும் விட்டு (ஒரு ஸ்பான்ஜ் டிரம்மில் நாளுக்கு விழுங்கிய அளவு அவ்வளவுதான்), அதற்கடுத்த நாள் டெஸ்ட் கிட் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி என்று காட்டினால் மீன் வாங்க வரலாம்.

இங்ஙனம்,
வண்ணமீன் வளர்ப்போர், விற்பனையாளர் சிலர்,
கொளத்தூர், சென்னை – 99.